முதல் நெடும்போட்டிக்குச் சைக்கிளைச் சித்தம் செய்தல்

நீந்துதல், சைக்கிள் மிதித்தல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒரே நாளில் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். 'மூன்று' என்றும் 'போட்டி' என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஒவாஹுவில் 15 பேர் கூடி, 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, 42.2 கிலோமீட்டர் ஓடும் ஒரு பந்தயத்தைத் தொடங்கினர். அவர்களுள் 12 பேர் முடித்தனர். 'அயர்ன்மேன்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் போட்டி அவ்வாறு பிறந்ததே.

இதில் சரிபாதித் தூரம் கொண்ட போட்டியும் உண்டு. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அதன் அளவு. மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வருவதால் அந்த எண்ணே அதற்குப் பெயராகவும் அமைந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கோவாவின் பணஜி நகரில், மிராமார் கடற்கரையை நடுவிடமாகக் கொண்டு, இப்போட்டி நம் நாட்டில் முதன்முதலாக நடைபெற்றது. பெருந்தொற்றால் இடையில் நின்று, 2022இல் மீண்டும் தொடங்கியது. நெடுந்தூரப் போட்டியில் முதன்முறை இறங்க எண்ணும் நம்மவர் பலருக்கு இதுவே வாசலாக இருந்து வருகிறது.

புனே, மும்பை, பெங்களூர், ஹைதராபாத், தில்லி முதலிய நகரங்களில் அலுவல் நிமித்தம் குடியேறி வாழும் தமிழர்களுள் இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்டோரும் இருக்கிறார்கள். ஊரும் உறவும் தொலைவில் இருக்க, விடியற்காலைகளில் தமக்கென ஒரு முயற்சியை அமைத்துக்கொள்வது அவர்களுக்கு ஆறுதலும் அளிக்கிறது. அத்தகையோர் முதலில் கேட்கும் கேள்வி, "சைக்கிளுக்கு என்ன வாங்க வேண்டும்?" என்பதே. நீச்சலுக்குக் கண்ணாடியும் ஓட்டத்துக்குக் காலணியும் போதும். சைக்கிளுக்கோ கடைக்காரர் காட்டும் பொருள்களுக்கு எல்லையில்லை. சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல இலட்சம் வரை செல்லும் அவ்வரிசையில் எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எதை வாங்காமலே விடுவது என்பதை இங்கே ஆராய்வோம்.

கடைக்காரர்கள் 'அப்கிரேட்' என்று சொல்லுவதை நாம் 'மேம்பாடு' என்று மொழிபெயர்க்கிறோம். மேம்படுவது எது என்னும் கேள்வி அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. சைக்கிள் மேம்பட்டு, அதன்மேல் அமர்ந்தவர் வலியால் நெளிவாரானால் அது மேம்பாடு ஆகாது. ஆகவே நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். இப்பொருளைக் கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு நம்மால் இறங்கி ஓட முடியுமா என்பதே அவ்வுரைகல்.

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்த்துவிடுவோம். வழக்கமான விதிப்படி, பாதித் தூரப் போட்டியில் நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள்ளும், சைக்கிளைத் தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள்ளும், முழுப் போட்டியையும் 8 மணி 30 நிமிடத்துக்குள்ளும் முடித்தாக வேண்டும். ஒருவர் நீச்சலுக்குக் கடைசி நிமிடம் வரை எடுத்துக்கொண்டு, உடை மாற்றுவதிலும் 10 நிமிடம் செலவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் 90 கிலோமீட்டருக்கு அவர் கையில் 4 மணி 10 நிமிடம் இருக்கும். அதற்கு வேண்டிய சராசரி வேகம் மணிக்கு 21.6 கிலோமீட்டர்தான். நல்ல நிலையில் உள்ள சாதாரணச் சாலைச் சைக்கிளில், முறையாகப் பழகிய ஒருவர் எட்டக்கூடிய வேகம் இது. புதிய சைக்கிள் இல்லாமல் போட்டியில் இறங்கவே இயலாது என்று எண்ணி மனம் தளர்வோர் இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மிதிப்பவரின் சக்தி எங்கே செலவாகிறது என்று அறிய வேண்டும். சமதரையில் மணிக்கு 28 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, நம் உழைப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு காற்றைப் பிளப்பதற்கே போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி டயர்கள் தரையில் நசுங்கி உருளுவதிலும், சிறுபகுதி செயினின் உராய்விலும் கழிகிறது. காற்றின் தடையை வெல்ல வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. வேகம் 20இலிருந்து 30 ஆனால், காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் ஏறத்தாழ 3.4 மடங்கு ஆகிவிடும். காற்று எதிர்ப்பதோ சைக்கிளைக் காட்டிலும் அதன்மேல் அமர்ந்திருக்கும் உடலையே பெரிதும் எதிர்க்கிறது. எனவே சட்டத்தின் வடிவத்தைவிட உடல் அமரும் நிலை முக்கியம் என்பது விளங்கும்.

எடையைப் பற்றி நம்மவர் கொண்டிருக்கும் எண்ணம் இதற்கு நேர்மாறானது. சைக்கிளை ஒரு விரலால் தூக்கிக் காட்டும் விற்பனையாளரைக் கண்டு மயங்குகிறோம். ஒரு கிலோ எடையை 100 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு 981 ஜூல் சக்தி வேண்டும். 200 வாட் திறனில் மிதித்து ஏறுபவருக்கு அது 5 விநாடி வேலை. வழியெல்லாம் சேர்த்து 500 மீட்டர் உயரம் ஏறினாலும், ஒரு கிலோ குறைத்ததால் கிடைக்கும் ஆதாயம் அரை நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஒரு கிலோவைக் குறைக்க ஆகும் பணமோ பல்லாயிரம் ரூபாய். மலைப்பாதைப் பந்தயங்களுக்கு இது வேறு விதமாகலாம். கடற்கரையோரப் போட்டிகளுக்கு எடை கடைசியாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி வரிசைக்கு வருவோம். முதற்செலவு, சைக்கிளை நம் உடலுக்குப் பொருத்துவதற்கே. சீட்டின் உயரம், அது முன்னும் பின்னும் நகர்ந்திருக்கும் இடம், ஹாண்டில்பாரின் தூரம் ஆகியவை உடலுக்கு இசையாவிட்டால் முழங்காலும் இடுப்பும் கழுத்தும் தண்டனை பெறும். சீட்டின் உயரத்தை வீட்டிலேயே ஓரளவு சரிபார்க்கலாம். சுவரில் சாய்ந்தபடி சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலின்மேல் வைத்து, பெடல் அடியில் இருக்கும் நிலையில் கால் நேராக நீண்டிருந்தால் உயரம் ஏறக்குறையச் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் இயல்பான சிறு மடிப்பு விழும். நுட்பமான பொருத்தத்துக்குப் பெருநகரங்களில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் வீண் போகாது. சீட்டை மாற்ற வேண்டுமானால் அதுவும் இந்த வேளையில்தான். முன்னால் குனிந்து ஓட்டும்போது உடலின் பாரம் சீட்டின் முன்பகுதியில் விழுகிறது. முன்மூக்குப் பிளந்த அல்லது குறுகிய வகைச் சீட்டுகள் பலருக்கு மரத்துப்போதலையும் வலியையும் தவிர்க்கின்றன. அது ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலால், நண்பருக்கு நன்றாக இருந்தது என்பதற்காக வாங்குதல் கூடாது.

இரண்டாவது செலவு டயர். கடையில் சைக்கிளுடன் வரும் டயர்கள் பெரும்பாலும் நெடுநாள் உழைப்பதற்காகத் தடித்துச் செய்யப்பட்டவை. அவற்றுக்கும், பந்தயத்துக்கென மெல்லிய நூலிழையும் மிருதுவான ரப்பரும் கொண்டு செய்யப்பட்ட டயர்களுக்கும் இடையே, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 15 வாட் அல்லது அதற்கு மேலும் வேறுபாடு இருக்கக்கூடும். 150 வாட் அளவில் மிதிக்கும் புதியவருக்கு அது பத்தில் ஒரு பங்கு. 90 கிலோமீட்டரில் ஐந்தாறு நிமிடம் மிச்சப்படும். வேறு எந்தப் பொருளும் இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு காலத்தை மீட்டுத் தருவதில்லை. அகலத்தில் 25 அல்லது 28 மில்லிமீட்டர் நம் சாலைகளுக்குப் பொருந்தும். 28 மில்லிமீட்டர் டயர் நம் சைக்கிளின் சட்டத்திலும் பிரேக்கிலும் இடிக்காமல் இடம் பெறுமா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றைக் கல்போல் அடைப்பதே வேகம் என்பது பழைய நம்பிக்கை. சொரசொரப்பான சாலையில் மிகக் கடினமான டயர் துள்ளித் துள்ளிச் சென்று சக்தியை விழுங்கிவிடும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் சதுர அங்குலத்துக்கு 65 முதல் 75 பவுண்டு அழுத்தம் பொதுவாகப் போதுமானது. ஆகவே அளவுமானி பொருத்திய தரைப் பம்பு ஒன்றையும் டயருடன் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

டயரோடு சேர்ந்தவை பிரேக்கும் செயினும் பஞ்சர் கருவிகளும். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றுவதும், செயினைத் துடைத்து எண்ணெயிடுவதும் சில நூறு ரூபாய்ச் செலவு. அழுக்கேறிய செயின் தின்னும் சில வாட் திறனை மீட்க இலட்ச ரூபாய்ச் சக்கரம் வேண்டுவதில்லை. பழைய துணி போதும். இரண்டு மாற்று ட்யூப், டயர் நெம்பிகள், ஒரு சிறு பம்பு, அறுகோணச் சாவிகள் ஆகியவற்றைச் சீட்டின் அடியில் ஒரு பையில் கட்டிக்கொள்ள வேண்டும். பழகாதவர் ஒரு பஞ்சரைச் சரிசெய்ய 20 நிமிடமும் எடுத்துக்கொள்வர். பழகியவர் 6 நிமிடத்தில் முடிப்பர். இந்த வித்தியாசத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வீட்டுத் தாழ்வாரத்தில் பத்து முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பெற வேண்டியது அது.

மூன்றாவதாக வருவது ஏரோபார். ஹாண்டில்பாரின் நடுவிலிருந்து முன்னோக்கி நீளும் இரு தண்டுகளும், முழங்கைகளைத் தாங்கும் இரு மெத்தைகளும் கொண்டது அது. முழங்கைகளை ஒடுக்கி, முதுகைத் தாழ்த்தி, உடலைச் சிறிதாக்கிக் காற்றினுள் நுழைய அது உதவுகிறது. இதன் வல்லமையை உலகம் கண்டது 1989ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் இறுதி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தூரம் ஒவ்வொருவராகத் தனித்து ஓட்டினர். 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், டிரையத்லான் வீரர்கள் கையாண்டு வந்த இக்கருவியைப் பொருத்திக்கொண்டு குனிந்து ஓட்டினார். முன்னணியில் இருந்த லாரன் ஃபீன்யோன் அக்கருவியின்றியும் தலைக்கவசமின்றியும் ஓட்டினார். மூன்று வாரப் பந்தயத்தின் முடிவில் லெமாண்ட் 8 விநாடி வேறுபாட்டில் வென்றார். வெற்றிக்குக் காரணம் இக்கருவி ஒன்றே என்று கூற இயலாது. எனினும் அன்று முதல் அதை அலட்சியம் செய்தவர் இல்லை.

நம்மைப் போன்றோருக்கு இதன் பயன் எவ்வளவு? 70 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சைக்கிளில், காற்றில்லாத சமதரையில், 150 வாட் திறனுடன் மிதிப்பதாகக் கொள்வோம். நிமிர்ந்து ஓட்டினால் 90 கிலோமீட்டருக்குச் சுமார் 3 மணி 10 நிமிடம் ஆகும். அதே உழைப்பில், ஏரோபாரின்மேல் நன்றாகப் படிந்து ஓட்டினால் 3 மணிக்குச் சற்றுக் குறைவாகவே முடியும். சில ஆயிரம் ரூபாயில் 10 நிமிடத்துக்கு மேல் மிச்சம். ஆனால் இந்த ஆதாயம் அந்நிலையில் நீடித்து இருப்பவருக்கே உரியது. பத்து நிமிடத்துக்கொரு முறை கழுத்து வலித்து நிமிர்பவருக்குக் கருவியின் எடை மட்டுமே மிஞ்சும். எனவே முதலில் உயரமாகவே பொருத்தி, வாரத்துக்கு வாரம் படுத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவர வேண்டும். கார்பன் ஹாண்டில்பாராயின், அதன்மேல் இதை இறுக்குவதற்கு உற்பத்தியாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்த பிறகே பொருத்த வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஏரோபாரின்மேல் கைகள் இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டுவதில்லை, திரும்புவதும் கடினம். மாடும் ஆட்டோவும் குறுக்கே வரும் நகரச் சாலையில் அதன்மேல் படுத்து ஓட்டுதல் உயிருக்கு ஆபத்து. ஆளரவமற்ற நேரான சாலையிலோ வீட்டினுள் பயிற்சித் தாங்கியிலோதான் அதைப் பழக வேண்டும். இருள் பிரியுமுன் புறப்படுவோர் முன்விளக்கும், பின்னால் எரியும் சிவப்பு விளக்கும், தரமுத்திரை பெற்ற தலைக்கவசமும் இன்றிச் சாலையில் இறங்கவே கூடாது. வேகத்துக்கான எந்தப் பொருளையும் இவற்றுக்கு முன்பாக வாங்குதல் முறையன்று.

பயிற்சித் தாங்கி என்றோம். பின்சக்கரத்தின் இடத்தில் பொருத்தி, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கச் செய்யும் சாதனம் அது. போட்டி அக்டோபரிலோ நவம்பரிலோ வருமானால், பயிற்சியின் முக்கிய மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் அமையும். மும்பையிலும் புனேயிலும் அது அடைமழைக் காலம். மழையால் வாரக்கணக்கில் பயிற்சி நின்றுபோவதைத் தடுக்கும் இச்சாதனம், போட்டி நாளில் உடன் வராவிட்டாலும், உடன் வரும் பல பொருள்களைவிட அதிகம் உதவும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர் கீழ்வீட்டாரின் உறக்கத்தையும் கருதி அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்வது நலம்.

நான்காவது, நீரும் உணவும் கொண்டு செல்லும் ஏற்பாடு. கோவாவில் அக்டோபர் மாதத்தில் வெயிலும் புழுக்கமும் மிகுதி. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை நீரும், 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தும் பலருக்குத் தேவைப்படும். சட்டத்தில் இரண்டு புட்டிகளும், ஏரோபார்களுக்கிடையே உறிஞ்சு குழாயுடன் ஒரு புட்டியும் வைத்தால், நிமிராமலே பருகலாம். குடிக்க எளிதாக இருந்தால்தான் குடிப்போம். இதைச் சிறிய பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. சைக்கிளில் நீரருந்தாதவர் அதன் விலையை ஓட்டத்தில் கொடுப்பார்.

ஐந்தாவது, உடை. காற்றில் படபடக்கும் தளர்ந்த சட்டை பாய்மரத்தை எதிர்முகமாகப் பிடித்தது போலாகும். உடலோடு ஒட்டிய டிரையத்லான் உடை நீச்சல் முதல் ஓட்டம் வரை ஒன்றே போதுமாதலால், உடை மாற்றும் நேரமும் மிச்சம். பாதத்தைப் பெடலுடன் பூட்டும் காலணிகளைப் பழகியவர் அணியலாம். பழகாதவர் இரண்டு மாதமாவது முன்னதாகத் தொடங்க வேண்டும். பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியில் 32 பற்களுடையது ஒன்று இருந்தால், மேடுகளில் கால்கள் கடுக்காமல் ஏறலாம். பெருமைக்காகக் கனத்த கியரில் மிதிப்பது ஓட்டத்துக்கு வைத்திருக்கும் கால்களைச் செலவழிப்பதாகும்.

இவற்றுக்கெல்லாம் பிறகே காற்றைப் பிளக்கும் தலைக்கவசமும், ஆழ்ந்த விளிம்புடைய கார்பன் சக்கரங்களும், இறுதியாகத் தனி டிரையத்லான் சைக்கிளும் வர வேண்டும். புதியவரின் வேகத்தில் கார்பன் சக்கரங்கள் 90 கிலோமீட்டருக்கு இரண்டொரு நிமிடமே மீட்டுத் தரும். பக்கக்காற்று அடிக்கும் கடற்கரைச் சாலையில் அவை முன்சக்கரத்தைத் தள்ளவும் செய்யும். ஹவாயின் கோனா போட்டியில் முழுத்தட்டுச் சக்கரங்களை நெடுங்காலமாகவே அனுமதிப்பதில்லை என்பது இங்கு நினைக்கத் தக்கது. பணம் இருந்தும் பொறுமை இல்லாதவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சைக்கிளில் தொடங்கிப் பொருத்தத்தில் முடிக்கிறார்கள்.

ஒரு பொருள் மட்டும் இவற்றுள் சேராமல் தனித்து நிற்கிறது. அது மிதிக்கும் திறனையோ இதயத் துடிப்பையோ காட்டும் மானி. அது நம்மை வேகப்படுத்துவதில்லை, வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதன் அருமையைக் கணக்கிட்டுக் காட்டலாம். 21.1 கிலோமீட்டரை மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 2 மணி 21 நிமிடம். கால்கள் சோர்ந்து மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 3 மணி 31 நிமிடம். டயரிலும் ஏரோபாரிலும் சக்கரத்திலும் நாம் அரும்பாடுபட்டு மிச்சப்படுத்தியது எல்லாம் சேர்ந்து 20 நிமிடம். நடையால் இழந்ததோ 70 நிமிடம். நீச்சலிலும் சைக்கிளிலும் கடைசி நிமிடம் வரை எடுத்துக்கொண்ட ஒருவருக்கு ஓட்டத்துக்கு மிஞ்சுவது 3 மணி நேரமே. அவர் நடந்தால் காலக்கெடு கடந்துவிடும்; மாதக்கணக்கான உழைப்பு கணக்கில் ஏறாமல் போகும். முற்பாதியில் தம்மைக் கடந்து செல்பவர்களைக் கண்டு ஆத்திரப்படாமல், மானி காட்டும் அளவிலேயே மிதிப்பவர் இந்த இழப்பிலிருந்து தப்புவார். திறன்மானிக்குப் பணம் இல்லையெனில், மார்பில் கட்டும் எளிய துடிப்புமானியே போதும்.

போட்டிக்குச் செல்லும் பிரயாணத்தையும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். ரயிலிலோ விமானத்திலோ சைக்கிளைக் கொண்டு செல்ல, பெடல்களையும் ஹாண்டில்பாரையும் கழற்றிப் பெட்டியில் கட்ட வேண்டியிருக்கும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்தது என்பதை அறியாமல் பலம்கொண்ட மட்டும் திருகி அதைக் கெடுத்தவர்கள் உண்டு. கழற்றுமுன் சீட்டின் உயரத்தில் ஒரு நாடாவை ஒட்டி அடையாளம் செய்துகொண்டால், மாதக்கணக்கில் தேடிய பொருத்தம் பிரயாணத்தில் தொலையாது.

ஆக, ஆறு மாதம் கையில் உள்ளவர் முதல் மாதத்தில் உடற்பொருத்தமும் சீட்டும், இரண்டாம் மாதத்தில் டயரும் பம்பும், மூன்றாம் மாதத்தில் ஏரோபாரும் நீர்ப்புட்டிகளும், நான்காம் மாதத்தில் உடையும் துடிப்புமானியும் என்று வாங்கி வரலாம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கும் இது தாங்கும். ஐந்தாம் மாதத்தில் இவையனைத்தையும் அணிந்து 80 கிலோமீட்டர் ஓட்டி, இறங்கியவுடன் 5 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும். அந்த ஓட்டத்தில் எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு, வலிக்குக் காரணமான பொருளை மாற்றவோ நீக்கவோ செய்யலாம். கடைசி மூன்று வாரங்களில் கடை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் புதிதாக எதையும் வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. அந்நாட்களில் செயினைத் துடைத்து, திருகுகளை இறுக்கி, டயரில் கல்லோ கண்ணாடித் துண்டோ குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டால் போதும்.